அரிமாவும் ரசிகரும்

தாலுகா அலுவலகம், அரசு மருத்துவமனை, இரண்டு மூன்று திருமண மண்டபம், மூடிக் கிடக்கும் ஒரு சினிமாக் கொட்டகை. இந்த அளவுள்ள தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெரும்பாலும் இரண்டு அமைப்புகளைப் பார்க்கலாம். ஒன்று அரிமா சங்கம். மற்றொன்று ஏதேனும் ஒரு நடிகரின் ரசிகர் நற்பணி மன்றம். முன்னதில் டாக்டர், வக்கீல், அரிசி ஆலைக்காரர், நகைக்கடை முதலாளி. பின்னதில் ஆட்டோ ஓட்டுநர், கொத்தனார், செல்போன் கடைப் பையன். அரிமாவைக் கேட்டால் மன்றம் என்பது கட்-அவுட்டும் பாலாபிஷேகமும். மன்றத்துக்காரரைக் கேட்டால் சங்கம் என்பது கோட்டும் விருந்தும். ஆனால் இரண்டும் ஓராண்டில் செய்த காரியங்களை எழுதி, தலைப்பை மட்டும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்வது கடினம். ரத்ததானம், தையல் இயந்திரம், நோட்டுப் புத்தகம், நீர்மோர்ப் பந்தல், கண்தானப் படிவம் எல்லாம் இரண்டு தாளிலும் இருக்கும்.

வேறுபாடு முதலில் தெரிவது நாட்காட்டியில். சங்கத்தின் ஆண்டு ஜூலை 1இல் பிறந்து ஜூன் 30இல் முடிகிறது. புதிய தலைவரின் முதல் நாளே மருத்துவர் தினமாகவும் அமைந்துவிடுவதால், ஊர் டாக்டர்களுக்குச் சால்வை போர்த்திச் சேவைக் கணக்கைத் தொடங்கிவிடலாம், செலவும் குறைவு. மன்றத்தின் ஆண்டோ நடிகரின் பிறந்தநாளைச் சுற்றுகிறது. ஆகவே ஊர் ஏழைக்கு என்ன கிடைக்கும் என்பதை ஓரளவு நடிகரின் ஜாதகமே முடிவு செய்கிறது. விஜய் பிறந்தது ஜூன் 22. பள்ளி திறந்த சூட்டோடு நோட்டுப் புத்தகம். அஜித் பிறந்தது மே 1; மோர்ப் பந்தலுக்கு ஏற்ற வெயில். ரஜினிக்கு டிசம்பர் 12. போர்வைக்குத் தோதான குளிர். கமலுக்கு நவம்பர் 7. அடைமழைக்கு நடுவே முகாம் நடத்தியாக வேண்டும். இரண்டு நாட்காட்டிகளையும் ஏழையின் தேவை வகுக்கவில்லை என்பதில் மட்டும் வேறுபாடில்லை.

பேனரை நின்று படித்தால் உறவு இன்னும் நெருங்குகிறது. சங்கத்தின் பேனரில் மேல் மூலையில் பன்னாட்டுத் தலைவர், அடுத்து மாவட்ட ஆளுநர், பிறகு மண்டலம், வட்டாரம் என்று படங்கள் இறங்கி வரும். மன்றத்தின் பேனரில் நடிகர் நடுவே நெடுக நிற்க, மாவட்டம், நகரம், கிளை என்று அதே இறங்குவரிசை. அடியில் தபால்தலை அளவில் கறுப்புக் கண்ணாடி அணிந்த முகங்கள். பெயரிலும் இதே கதைதான். ஒருவர் பெயருக்கு முன்னால் ‘லயன்’ சேர்க்கிறார். பன்னாட்டு அறக்கட்டளைக்கு 1000 டாலர் கொடுத்தால் பின்னால் ‘எம்.ஜே.எஃப்.’ என்றும் சேரும். மற்றவர் பெயருக்கு முன்னால் நடிகரின் பெயரே சேர்ந்து, ரேஷன் கார்டில் உள்ள பெயர் தெருவில் மறந்தே போகும். இருவருமே தாம் நேரில் ஒருமுறை பார்த்தாலே பெரிது என்னும் ஒரு தலைமையின் பெயரால் தம் ஊரில் கொடுக்கிறார்கள்.

அந்தத் தலைமைக்கும் இவர்களுக்கும் உள்ள பிடிமானம் ஒன்றல்ல. மாவட்ட ஆளுநருக்குச் சங்கத்தின் மேல் கோபம் வந்தாலும், அவர் பதவி ஜூன் மாதத்தோடு சரி. நடிகரின் ஓர் அறிக்கை போதும், மன்றம் இல்லாமல் போக. 2011இல் அஜித் தம் மன்றங்களைக் கலைத்தார். 2021 ஜூலையில் ரஜினி, மக்கள் மன்றத்தைக் கலைத்து, பழையபடி நற்பணி மன்றமாகவே இயங்கச் சொன்னார். அரசியலிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. கட்சி அரசியலையும் மத வாதத்தையும் கூட்டத்தில் விவாதிக்கக் கூடாது என்பது அரிமாக்களின் எழுதப்பட்ட நோக்கங்களுள் ஒன்று. மன்றமோ எப்போதும் அரசியலின் வாசற்படியில் நிற்கிறது. 1972இல் எம்.ஜி.ஆர். கட்சி கண்டபோது கிளை கிளையாக ஆள் தந்தவை மன்றங்களே. 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் விஜய் மக்கள் இயக்கத்தார் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வென்றபோது, நோட்டுப் புத்தகமும் வாக்கும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்பது மறுபடி தெரிந்தது.

இவற்றையெல்லாம் விடக் கண் விஷயத்தில் இரண்டும் ஒட்டி நிற்பது வியப்பு. சிகாகோவில் 1917இல் தொடங்கிய அரிமா இயக்கத்தைப் பார்வைப் பணியின் பக்கம் திருப்பியது எந்தக் குழுவின் தீர்மானமும் அல்ல. 1925இல் ஒஹாயோ மாநிலத்தின் சீடர் பாயின்ட் மாநாட்டில் ஹெலன் கெல்லர் வைத்த ஒரு வேண்டுகோள். கமல்ஹாசன் தம் ரசிகர் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றி, ரத்தம், கண், உடல் என்று தானங்களின் பக்கம் திருப்பியதும் அப்படித்தான். தம் உடலையே சென்னை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தவர் சொன்னார். இவர்கள் படிவத்தை நிரப்பினார்கள். சட்டதிட்டப் புத்தகமும் ஆண்டறிக்கையும் உள்ள சங்கமும், ஒரு முகத்தின் மேல் உள்ள பிரியத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத மன்றமும், தம் பணியை ஒரே வழியில்தான் கண்டடைந்திருக்கின்றன. பிடித்த ஒருவர் கேட்டார் என்பதற்காக.

ஆனால் படிவத்துக்கு அடுத்த கட்டத்தில் பாதை பிரிகிறது. கருவிழியை இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். படிவத்தில் கையெழுத்திட்டவர் தாமே தொலைபேசியில் கூப்பிட முடியாது. யாராவது ஒருவர் இழவு வீட்டுக்குள் போய், அழுதுகொண்டிருக்கும் மகனைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, தலைக்குத் தலையணை வைத்து, மூடிய இமைகளின் மேல் ஈரப் பஞ்சு வைத்து, கண் வங்கி வண்டி வரும்வரை உறவுக்காரப் பெரியவர்களின் முணுமுணுப்பைத் தாங்கி நிற்க வேண்டும். இதற்கு ஊரில் மறுக்க முடியாத முகம் ஒன்று தேவை. குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டரோ, கடன் கொடுத்து வாங்கும் மளிகைக்கடைக்காரரோ அரிமாவாக இருந்தால் காரியம் நடக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பையன் கேட்டால் அடிதான் விழும். மன்றத்தில் உறுதிமொழிகள் மலிவு என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உறுதிமொழிக்கு அங்கே பஞ்சமில்லை; இழவு வீட்டில் செல்லுபடியாகும் சொல்தான் இல்லை.

கண் சிகிச்சை முகாமிலும் சங்கத்தின் கையே ஓங்கும். 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் நடத்தும்போது உள்ளூர்ப் பொறுப்பை அரிமா, ரோட்டரி போன்ற அமைப்புகளிடம்தான் பெரிதும் ஒப்படைத்தது. நோட்டீஸ், ஆட்டோவில் மைக், பள்ளிக்கூட அனுமதி, சாப்பாடு எல்லாம் சங்கத்தின் பாடு. பரிசோதனை, பேருந்து, அறுவை, லென்ஸ் மருத்துவமனையின் பாடு. ஆண்டுதோறும் அதே ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிடாத ஓர் அமைப்பு இதற்கு வேண்டும். தலைவர் மாறினாலும் முகாம் மாறாதது சங்கத்தின் பெருமை.

ரத்தத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. பிறந்தநாளன்றோ பதவியேற்பு வாரத்திலோ ஒரே நாளில் நூறு பைகள் சேர்ப்பது புகைப்படத்துக்கு நன்று. ஆனால் முழு ரத்தத்தின் ஆயுள் பொதுவாக 35 நாள், தட்டணுக்களின் ஆயுள் ஐந்தே நாள். அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு நள்ளிரவில் ஓ நெகட்டிவ் வேண்டுமென்றால் முகாம் உதவாது, ஆள் உதவ வேண்டும். மன்றச் செயலாளரின் வாட்ஸப் குழுவில் யார் எந்த வகை, யார் கடைசியாக எப்போது கொடுத்தார் என்பது இருக்கும். மூன்று மாதம் ஆகாதவரை அவரே தள்ளி வைப்பார். அரைமணியில் இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்குவார்கள். அரிமாக்களில் பலர் அதே நேரத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போட்டுப் படுத்திருப்பார்கள். வயதின் வேறுபாடு இது. மனத்தின் வேறுபாடாக எண்ணிவிடக் கூடாது.

பணத்திலும் எதிர்பாராத ஒரு திருப்பம் உண்டு. பொதுமக்களிடம் திரட்டிய பணத்தை நிர்வாகச் செலவுக்குத் தொடக் கூடாது என்பது அரிமாக்களின் விதி. சேவைக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று என இரண்டு கணக்கு. மன்றத்தில் கணக்கு ஒன்றுதான், பெரும்பாலும் ஒரு பழைய டைரியில். ஆனால் தினக்கூலியில் பத்தில் ஒரு பங்கைப் பிறந்தநாளுக்கு எடுத்து வைப்பவரும், மாதாந்திரக் கூட்டத்துக்குச் சந்தா கட்டுபவரும் தத்தம் வருமானத்தில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், தணிக்கை இல்லாத டைரி தாழ்ந்து போவதில்லை. மதுரை மன்றங்களை 1980களில் ஆராய்ந்த மானுடவியலாளர் சாரா டிக்கி அவற்றின் சமூக சேவையைத் தனியே கவனித்து எழுதியிருக்கிறார். வாங்கும் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் கொடுக்கும் மேடையில் நிற்பதே அங்கே எனக்குச் சுவாரசியம்.

இரண்டுக்கும் இடையே ஓர் ஒருவழிப்பாதையும் உண்டு. இருபதில் மன்றச் செயலாளராக இருந்தவர் நாற்பத்தைந்தில் ஹார்டுவேர் கடை முதலாளியாகி, அழைப்பின் பேரில் அரிமாவாகிறார். அரிமா ஒருவர் மன்றத்தில் சேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படி வருபவரைச் சங்கம் சேர்த்துக்கொள்வது சந்தாவுக்காக மட்டுமல்ல. முகாமுக்கு ஆள் திரட்டத் தெரிந்தவர், பந்தல்காரரிடம் பேரம் பேசத் தெரிந்தவர், பழைய பையன்களின் போன் எண்ணை இன்னும் வைத்திருப்பவர் சங்கத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.