நாலந்தாக் கோட்டை: போரும் நீரும்

மாத்தளையிலிருந்து வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நாவுல நகரை அடையுமுன் நாலந்தா அமைந்துள்ளது. இவ்வூரைக் கற்றோர் பெரும்பாலும் அங்குள்ள ‘கெடிகே’ எனும் கற்கட்டிடத்தின் வாயிலாகவே அறிவர். பல்லவர் கட்டிடமரபைத் தழுவிய அப்பௌத்தக் கட்டிடம் பெற்ற கவனத்தை, 12ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த போர்க்கோட்டை பெறவில்லை.

சோழராட்சி 1070ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. அதனை முடித்த முதலாம் விசயபாகு 1110இல் இறந்தபின் அரசு பிளவுண்டது. இராசரட்டை இரண்டாம் கஜபாகுவிடமும், தக்கிணதேசம் பராக்கிரமபாகுவிடமும், உறுகுணை மானாபரணனிடமும் இருந்தன. தக்கிணதேசமும் இராசரட்டையும் மலையதேசமும் நெருங்கும் மலைவிளிம்பிலே நாலந்தா இருந்தது. கஜபாகுவுடனான போரில் பராக்கிரமபாகு இதனையே தன் படைத்தளமாகக் கொண்டான். எல்லையைக் காப்பதற்கும், பொலன்னறுவை நோக்கிப் படைகளை ஏவுவதற்கும் இவ்விடம் பொருந்தியது.

இதனை ஓர் இளவரசனின் போர்த்திறனாக மட்டும் விளக்குவது போதுமானதன்று. அக்காலத்தில் அரசின் ஆதாரம் நெல். நெல்லின் ஆதாரம் நீர். நாலந்தாவின் கிழக்கே ஓடும் அம்பன் கங்கை எலகரவில் அணைகட்டி மறிக்கப்பட்டது. அந்நீரே கால்வாய்வழி மின்னேரிக் குளத்திற்குச் சென்றது. மலையடிவாரத்தில் வலுப்பெற்றவன், சமவெளியின் உபரி விளைவை நெருங்கியவனாவான். ஆகவே, இங்கு நிகழ்ந்தது அரியணைக்கான போட்டி மட்டுமன்று; உபரியை உரிமைகொள்வதற்கு ஆளும் வர்க்கத்தினர் தமக்குள் நடத்திய போராட்டமுமாகும் என நாம் கருதுகிறோம்.

பராக்கிரமபாகு தக்கிணதேசத்தில் அணைகளும் குளங்களும் அமைத்ததையும், இரத்தினங்களை ஏற்றுமதிசெய்து பொருள் திரட்டியதையும் சூளவம்சம் போரின் முன்னுரையாகவே கூறுகின்றது. பாசறைக்கு முன்னே வயல் நிற்பதை அந்நூலே தன்னையறியாது ஒப்புக்கொள்கின்றது. ஆயின், வேந்தரையும் தளபதியரையும் பெயர்சுட்டிப் போற்றும் அந்நூலில், மண் சுமந்தோருக்கும் நெல் விளைத்தோருக்கும் பெயரில்லை. 1153இல் பராக்கிரமபாகு முடிசூடினான். அவர்களோ மீண்டும் வயலுக்கே திரும்பினர்.

மகாவலித் திட்டத்தின் கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது, 1970களில் கெடிகே கல்கல்லாகப் பெயர்க்கப்பட்டு, 1980இல் மேட்டுநிலத்தில் மீளக் கட்டப்பட்டது. நீரின்பொருட்டு நிலத்தோற்றமே மாற்றப்படுவது இம்மலைவிளிம்புக்குப் புதிதன்று. காப்பாற்றப்பட்ட கற்களை வியந்து நோக்கும் நாம், அவற்றை அன்று அடுக்கிய கைகளையும் வரலாற்றினுள் கொணர்தல் வேண்டும்.