வெள்ளைப் பெயிண்ட்டில் இருந்து மின்சாரம்

சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட், காலையில் பல் தேய்க்கிற டூத்பேஸ்ட் இரண்டிலும் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற பொடி இருக்கிறது. விலை மலிவு. இதில் சோலார் செல் செய்யலாம் என்று யாராவது சொன்னால், காமர்ஸ் படிக்கிற எனக்கே சிரிப்பு வரும். ஆனால் செய்திருக்கிறார்கள்!

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் காட்டிய சிலிக்கான் செல்லின் திறன் சுமார் 6 சதவீதம். அதாவது விழுகிற வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மின்சாரமாகும். பிறகு திறன் கூடியது. ஆனால் மிகத் தூய்மையான சிலிக்கான் வேண்டும், அதுதான் செலவு.

வேறு வழி தேடியவர்கள் இலையைப் பார்த்தார்கள். பச்சையம் மாதிரி ஒரு சாயம் ஒளியைப் பிடித்தால் என்ன? 1968-ல் ஜெர்மனியில் கெரிஷர், டிரிபுட்ஷ் இருவரும் சிங்க் ஆக்ஸைடு மீது சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். மின்சாரம் வந்தது, ஆனால் துளியூண்டு. பரப்பை நேரடியாகத் தொடுகிற ஒரே அடுக்குச் சாயம்தான் எலக்ட்ரானைக் கொடுக்கும். அந்த ஒரு அடுக்கோ வெயிலில் மிகச் சொற்பத்தைத்தான் பிடிக்கும். தடிமனாகப் பூசியும் லாபமில்லை.

சரி, பரப்பையே பெருக்கிவிட்டால்? சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஓரீகன், கிரெட்செல் இருவரும் செய்தது அதுதான். அதே வெள்ளைப் பொடி, ஆனால் சுமார் 15 நானோமீட்டர் துகள்களாக. 10 மைக்ரோமீட்டர் படலத்துக்குள் ஸ்பாஞ்ச் மாதிரி துளைகள். ஒரு சதுர அடி கண்ணாடிக்கு உள்ளே ஏறக்குறைய 780 சதுர அடி பரப்பு, ஒரு சின்ன வீடே அடங்கும்! அத்தனையிலும் சாயம். திறன் 7 சதவீதத்தைத் தாண்டியது. 1991-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

சந்தையில் மட்டும் எடுபடவில்லை. உள்ளே இருந்த அயோடின் திரவம் கசியும். அதற்குள் சீனத் தொழிற்சாலைகள் சிலிக்கான் பேனல் விலையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டன. மலிவான மூலப்பொருளை மலிவான உற்பத்தி தோற்கடித்த கதை. எங்கள் பாடப்புத்தகத்தில் போட வேண்டிய உதாரணம் :)

கதை அங்கே முடியவில்லை. 2009-ல் ஜப்பானில் மியாசகா குழு சாயத்துக்குப் பதில் பெரோவ்ஸ்கைட் படிகத்தை அதே வெள்ளைப் படலத்தில் ஏற்றியது. வெறும் 3.8 சதவீதம், அதுவும் திரவத்தில் கரைந்து போனது. 2012-ல் திரவத்தைத் தூக்கிவிட்டு திடப்பொருள் வைத்ததும் 10 சதவீதத்தை ஒட்டி வந்தது. இன்று ஆய்வுக்கூடத்தில் 25-ஐத் தாண்டிவிட்டது. வெயிலிலும் ஈரத்திலும் எத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் இப்போதைய சண்டை.

2024-ல் ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் பெரோவ்ஸ்கைட் பேனல்களை விற்பனைக்கு அனுப்பியது. அடியில் இருப்பது என்ன தெரியுமா? அதே பழைய சிலிக்கான்.