பழைய மைன்கிராஃப்ட்டை மறுபடி ஆடணுமா? வழி இருக்கு!

லீவு நாள் முழுக்க மைன்கிராஃப்ட் ஆடி, சாப்பிடக் கூப்பிட்டால் ‘இதோ வர்றேன்’ என்று சொல்லியே வளர்ந்தவரா நீங்கள்? இப்போது அதே கேமைத் திறந்தால் தேனீ, பாண்டா, பாதாளக் குகை என எக்கச்சக்கமாக இருக்கிறது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனாலும், ‘நாம ஆடினது இது இல்லையே’ என்று தோன்றுகிறதா? கவலை வேண்டாம். பழைய மைன்கிராஃப்ட் இன்னும் இருக்கிறது. அதை எங்கே தேடுவது, எப்படி ஆடுவது, எதில் ஜாக்கிரதையாக இருப்பது... பார்ப்போம்.

ஆரம்பம் எப்படி?

ஸ்வீடனைச் சேர்ந்த புரோகிராமர் மார்க்கஸ் பெர்சன், மைன்கிராஃப்ட்டின் முதல் வடிவத்தை 2009 மே 17-ல் இணையத்தில் வெளியிட்டார். 2010-ல் ஆல்ஃபா, அந்த ஆண்டு டிசம்பரில் பீட்டா, 2011 நவம்பரில் முழு வெளியீடான 1.0 எனக் கேம் படிப்படியாக வளர்ந்தது. நம்மைப் பதறவைத்த கிரீப்பர்கூட ஒரு தவறில் பிறந்ததுதான். பன்றியை வடிவமைக்கும்போது நீளமும் உயரமும் இடம் மாறிப்போக, நெட்டையாக ஓர் உருவம் வந்து நின்றது. அதையே வில்லனாக்கிவிட்டார் பெர்சன்.

உங்க வெர்ஷன் எது?

நம்பர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனால், என்ன இருந்தது, என்ன இல்லை என்பது ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டரில் ஜாவா எடிஷன் ஆடியவர்கள் அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

* பசியே எடுக்காது, ஓடவும் முடியாது, நடை மட்டும்தான் என்றால், அது பீட்டா 1.7.3 அல்லது அதற்கும் முந்தையது.

* பசி உண்டு, ஆனால் குதிரை இல்லை என்றால், 2013 ஜூலையில் வந்த 1.6-க்கு முந்தையது.

* குதிரை உண்டு, கையில் கேடயம் இல்லை என்றால், 2016-ல் வந்த 1.9-க்கு முந்தையது.

* கடலுக்குள் பவளமும் பாசியும் இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தது என்றால், 2018-ல் வந்த 1.13-க்கு முந்தையது.

மொபைலில் பாக்கெட் எடிஷன் ஆடியவர்களுக்கு வேறு அடையாளம் இருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் உலகம் முடிந்துவிடுமா? அப்போ அது 2014-ல் வந்த 0.9.0-க்கு முந்தையது. அன்றைய மொபைல் உலகம் 256-க்கு 256 பிளாக்குகள் மட்டும்தான்.

எப்படி ஆடுவது?

காசு செலவில்லாத வழி ‘மைன்கிராஃப்ட் கிளாசிக்’. 10-வது பிறந்தநாளையொட்டி 2019-ல் மோஜாங் நிறுவனமே 2009-ம் ஆண்டு வெர்ஷனை பிரவுசரில் ஆடும்படி வெளியிட்டது. 32 வகை பிளாக்குகள், அந்தக் காலத்து பக்ஸ், அவ்வளவுதான். கீபோர்டும் மவுஸும் வேண்டும் என்பதால் மொபைலில் சரிப்படாது.

அடுத்த வழி, கம்ப்யூட்டரில் ஜாவா எடிஷன் வாங்கியவர்களுக்கு. அதன் லாஞ்சர் செட்டிங்ஸில் பழைய வெர்ஷன்களைக் காட்டச் சொல்லும் ஆப்ஷன் உண்டு. அதை ஆன் செய்து, புது இன்ஸ்டலேஷன் உருவாக்கினால், பட்டியலின் அடியில் ஆல்ஃபாவும் பீட்டாவும் வரிசையாக நிற்கும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். புது வெர்ஷனில் கட்டிய உலகத்தைப் பழைய வெர்ஷனில் திறக்காதீர்கள். அந்த உலகமே கெட்டுப்போகலாம். இன்ஸ்டலேஷன் உருவாக்கும்போதே தனி ஃபோல்டர் கொடுத்துவிடுங்கள். மொபைலுக்குப் பழைய ஏபிகே தருகிறோம் என்று சொல்லும் முன்பின் தெரியாத தளங்கள் பக்கமும் போகவேண்டாம்.

உள்ளே போனால்..?

முதல்முறை போகிறவர்களுக்கு பீட்டா 1.7.3 நல்ல தேர்வு. 2011 ஜூலையில் வந்தது இது. வில்லை இழுத்துப் பிடிக்க வேண்டாம், கிளிக் செய்த நொடியில் அம்பு பறக்கும். சாப்பிட்டதும் இதயங்கள் நிரம்பும். கிராமமோ கிராமத்து ஆட்களோ கிடையாது. எண்டர் டிராகன் இல்லை என்பதால் ‘கேமை முடிப்பது’ என்ற பேச்சே இல்லை. எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட்ஸும் இல்லை. அடுத்து என்ன செய்யணும் என்று அவசரப்படுத்த ஆளே இல்லாத உலகம் அது. முதல் அரை மணி நேரம் போரடிக்கலாம். அதன்பிறகு நீங்களே ஒரு மலையைத் தேர்ந்தெடுத்து வீடு கட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். அன்றும் நாம் அதைத்தானே செய்தோம்!

இன்னொன்றும் செய்து பாருங்கள். மெயின் மெனுவுக்குப் பின்னால் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பழைய நிலப்பரப்பு ஞாபகம் இருக்கா? அது எந்த உலகம் என்று பல ஆண்டுகளாக யாருக்கும் தெரியாது. 2020-ல் ரசிகர்கள் கூட்டாகக் கம்ப்யூட்டர்களை ஓடவிட்டுக் கண்டுபிடித்தார்கள். பீட்டா 1.7.3-ல் புது உலகம் உருவாக்கும்போது சீட் எண்ணாக 2151901553968352745 என்று கொடுத்தால் அதே உலகம் உருவாகும். ஸ்கிரீனில் பார்த்த இடத்திலேயே நீங்கள் போய் நிற்கலாம்.

கம்ப்யூட்டர் இல்லையா? பாட்டையாவது கேளுங்கள். சி418 என்ற பெயரில் இசையமைக்கும் ஜெர்மானியர் டேனியல் ரோசன்ஃபெல்டின் ‘வால்யூம் ஆல்ஃபா’ ஆல்பம் 2011-ல் வந்தது. பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளுக்கான அமெரிக்க தேசியப் பட்டியலில் 2025-ல் இதுவும் இடம்பிடித்தது.

அப்டேட்டே வேண்டாம் என்றவர்

பழைய வெர்ஷன்களில் உலகத்தின் மையத்திலிருந்து 1,25,50,821 பிளாக் தூரம் போனால், நிலம் உருவாகும் கணக்கு குழம்பி, சுவர்போல ஒரு விசித்திர நிலம் எழும். ‘ஃபார் லேண்ட்ஸ்’ என்று பெயர். பீட்டா 1.8-ல் அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால், கர்ட் ஜே மேக் என்ற அமெரிக்க யூடியூபர் அந்த இடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தது 2011 மார்ச்சில். அப்டேட் செய்தால் போகிற இடமே காணாமல் போய்விடும் என்பதால், பீட்டா 1.7.3-லேயே தங்கிவிட்டார். நொடிக்கு சுமார் 4.3 பிளாக் நடை வேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள், நிற்காமல் நடந்தாலே 33 நாள்களுக்கு மேல் ஆகும். அந்த நடையை வைத்தே குழந்தைகளுக்கான தொண்டு அமைப்புக்கு நிதியும் திரட்டினார்.

உங்க உலகம் பத்திரமா?

2010 செப்டம்பரில் ஆல்ஃபா 1.1.1 என்று ஒரு வெர்ஷன் வந்தது. சில மணி நேரத்திலேயே அடுத்தது வந்து அதன் இடத்தைப் பிடிக்க, அது தொலைந்தே போனது. 10 ஆண்டுகளுக்கு மேல் அது கிடைக்கவில்லை. கடைசியில் 2021-ல், சாதாரண பிளேயர் ஒருவரின் பழைய ஃபைல்களுக்குள் இருந்து கிடைத்தது. அவர் டெலீட் செய்யாமல் விட்டதால்தான் அது இன்று இருக்கிறது.

மற்ற வெர்ஷன்களைத் தேடித் தேடிச் சேர்த்துவைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால், அந்த வெர்ஷனில் நீங்கள் கட்டிய வீடு? அண்ணனோ தங்கையோ பக்கத்தில் உட்கார்ந்து தோண்டிய சுரங்கம்? அதன் ஒரே காப்பி உங்களிடம்தான் இருக்கும். அலமாரியில் கிடக்கும் பழைய போனிலோ, அப்பாவின் லேப்டாப்பிலோ. மொபைலில் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் அந்த உலகங்களும் சேர்ந்து அழிந்துபோக வாய்ப்பு அதிகம்.

அதனால், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் ஒருமுறை சார்ஜ் போட்டுப் பாருங்கள். கேமில் உலகத்தை எக்ஸ்போர்ட் செய்யும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். கம்ப்யூட்டர் என்றால் ‘சேவ்ஸ்’ ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து, பென் டிரைவில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று என இரண்டு இடத்தில் வையுங்கள். பத்து நிமிட வேலைதான். பழைய வெர்ஷனை அடுத்த வருஷம்கூட டவுன்லோடு பண்ணிக்கலாம்... நீங்கள் கட்டிய அந்த வீட்டை அப்படிப் பண்ண முடியாது!