கலைப்பும் ஆவணமும்: இலங்கை விளையாட்டு நிருவாகத்தில் புலனாய்வு இதழியலின் இடம்

1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டுச் சங்கங்களை அமைச்சின் பதிவின்கீழ் கொண்டுவந்தது. ஒரு சங்கம் தவறான வழியில் போனால் அதன் நிருவாகத்தை விலக்கி, இடைக்கால ஏற்பாடு செய்யும் அதிகாரமும் இச்சட்டத்தின் வழியாகவே அமைச்சரின் கைக்கு வந்தது. அன்றைய நோக்கில் இது குறைகூறத்தக்க ஏற்பாடு அல்ல. சங்கங்கள் சிலரின் குடும்பச் சொத்துப் போல நடந்த காலம் அது. கேள்வி கேட்க ஓர் அதிகாரி வேண்டியிருந்தது. ஆனால் அரை நூற்றாண்டின் பின் திரும்பிப் பார்க்கையில், இச்சட்டம் இந்நாட்டின் விளையாட்டு உலகுக்கு ஒரு பழக்கத்தை ஊட்டியிருப்பது தெரிகிறது. ஊழல் என்ற சொல் எழுந்தவுடன் ஆட்களை மாற்றுவதே பொறுப்புக்கூறல் என்று எண்ணும் பழக்கம் அது. கணக்கேடு என்ன சொல்கிறது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது யார், பணம் எந்த வழியாகப் போனது என்ற கேள்விகள் புதிய குழுவின் படங்களோடு பத்திரிகைப் பக்கத்திலிருந்து மறைந்துவிடுகின்றன. கலைப்புகள் மிகுந்த நாட்டில் ஆவணம் ஏன் வளரவில்லை, அதில் இதழியலின் பங்கு என்ன என்பதே இங்கு ஆராயப்படுகிறது. கலைப்பு ஆவணத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதும், அந்த இடத்தை மீட்க வல்லவர் தலைநகர் அமைச்சரைவிட உள்ளூர்ச் செய்தியாளரே என்பதும் என் வாதம்.

ஒப்பீட்டுக்கு அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டம் பொருத்தமானது. அங்கு அது நாம் ஆடும் உதைபந்தாட்டம் அல்ல, முட்டை வடிவப் பந்தோடு மோதி ஆடும் ஆட்டம். ஆனால் பணம், பெருமை, பழைய மாணவர் செல்வாக்கு ஆகிய மூன்றும் ஓர் ஆட்டத்தைச் சுற்றி எப்படிக் கோட்டை கட்டும் என்பதற்கு அதைவிட நீண்ட சான்று கிடைப்பது அரிது. 1905இல் மெக்ளூர்ஸ் இதழில் ஹென்றி பீச் நீதம் கல்லூரி அணிகளின் பணப் பேரங்களை எழுதினார். அதே பருவத்தில் களத்தில் நேர்ந்த மரணங்களைச் செய்தித்தாள்கள் எண்ணி வெளியிட்டன. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். 1906இல் உருவான கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1910இல் என்சிஏஏ என்ற பெயரை ஏற்றது. 1929 ஒக்டோபரில் கார்னெகி அறக்கட்டளை வெளியிட்ட விரிவான ஆய்வறிக்கை, வீரர்களைப் பணம் கொடுத்துச் சேர்க்கும் வழக்கத்தைப் பதிவு செய்தது. இங்கு கவனிக்க வேண்டியது பின்வந்த பத்தாண்டுகளில் இத்தகைய முறைகேடுகள் வெளிவந்த முறை. 1981இல் அரிசோனா டெய்லி ஸ்டார், 1985இல் மேக்கன் டெலிகிராப், 1986இல் லெக்சிங்டன் ஹெரால்ட் லீடர் ஆகிய ஏடுகள், தம் வட்டாரத்துப் பல்கலைக்கழகங்களின் உதைபந்தாட்டத்தையும் கூடைப்பந்தாட்டத்தையும் பற்றி எழுதியதற்காகப் புலிட்சர் பரிசு பெற்றன. 2011இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைப் பயிற்றுநர் ஒருவரின் சிறுவர் பாலியல் குற்றங்களை முன்னின்று வெளிக்கொணர்ந்தவர் ஹாரிஸ்பேர்க் நகரத்து பேட்ரியட் நியூஸ் செய்தியாளர் சாரா கானிம். இவை எவையும் நியூயோர்க்கின் பெரும் ஏடுகள் அல்ல. மைதானத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து, அந்த அணியை நேசிக்கும் வாசகர்களின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு எழுதியவை.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் ஆய்வுக்கு நேர்மையாகாது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் நடக்காத வகுப்புகளுக்கு மதிப்பெண் வழங்கப்பட்டதை ராலே நகரத்து நியூஸ் அண்ட் ஒப்சேர்வர் பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதியது. 2014இல் வெளியான வெயின்ஸ்டீன் அறிக்கை, 18 ஆண்டுகளில் 3,100க்கும் மேற்பட்ட மாணவர் அவ்வகுப்புகளில் பதிவானதாகக் கண்டது. எனினும் 2017இல் என்சிஏஏ பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. 2023 ஜூலையில் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகம் உதைபந்தாட்ட அணிக்குள் நடந்த பகிடிவதை பற்றிய உள்விசாரணையைத் தலைமைப் பயிற்றுநரின் இரண்டு வார இடைநிறுத்தத்தோடு முடிக்கப் பார்த்தது. மாணவர் ஏடு ஒரு முன்னாள் வீரரின் வாக்குமூலத்தை வெளியிட்டதும் தலைமைப் பயிற்றுநர் நீக்கப்பட்டார். ஆனால் 2025இல் அவருடன் எட்டிய இணக்கத்தின்போது, பகிடிவதையை அவர் அனுமதித்தார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. ஆக, செய்தி வெளியானதும் நீதி கிடைத்துவிடுவதில்லை. சில வேளை அவசரத் தண்டனையும் கிடைக்கிறது. அங்கும் ஆளை நீக்குவது எளிதாகவும் உண்மையை நிறுவுவது கடினமாகவும் இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: அங்கு எவரை நீக்கினாலும் கோப்பு மூடப்படவில்லை. அடுத்த செய்தியாளர் அதை எடுத்துத் தொடர்ந்தார்.

இலங்கையில் அந்தத் தொடர்ச்சி அறுந்த வரலாற்றைக் கிரிக்கெட் தெளிவாகக் காட்டுகிறது. 1996 உலகக்கிண்ண வெற்றி கிரிக்கெட் சபையை நாட்டின் பணக்கார விளையாட்டு அமைப்பாக்கியது. ஒளிபரப்பு உரிமையின் பெறுமதி ஏறியபோது சபைத் தேர்தலின் பெறுமதியும் ஏறியது. 1999, 2001, 2005, 2008, 2015, 2018 என்று இடைக்கால நிருவாகங்கள் வந்துபோயின. ஒவ்வொரு முறையும் காரணமாகச் சொல்லப்பட்டது சீர்திருத்தம். 2023 நவம்பர் இதன் உச்சம். இந்தியாவுக்கு எதிராக 55 ஓட்டங்களுக்குச் சுருண்ட தோல்வியின் சூட்டில், 6ஆம் திகதி விளையாட்டு அமைச்சர் ரொஷான் ரணசிங்க, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது. 9ஆம் திகதி சபை நிருவாகம் விலக வேண்டும் என்று நாடாளுமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணம் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. 27ஆம் திகதி அமைச்சரே பதவி இழந்தார். தடை 2024 ஜனவரி 28இல் நீங்கியது. இந்தப் பரபரப்பில் அமிழ்ந்து போனது எது? 2022இல் ஆஸ்திரேலியாவில் நடந்த இருபது20 உலகக்கிண்ணப் பயணச் செலவுகள் பற்றிய கணக்காய்வுக் கேள்விகள். அவை பொது நிறுவனங்களைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் கோப் குழுவின் முன் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு மாதத்துக்குள் விவாதம் செலவுச் சீட்டுகளை விட்டு நாட்டின் இறைமைக்கும் சர்வதேசத் தடைக்கும் தாவிவிட்டது. சபைக்கு இதைவிடச் சிறந்த கவசத்தை எவரும் செய்து கொடுத்திருக்க முடியாது.

உதைபந்தாட்டத்தின் கதையும் வேறல்ல. இலங்கைச் சம்மேளனத்தின் முன்னாள் தலைவரும் 2011இல் ஃபிஃபா நிறைவேற்றுக் குழுவில் அமர்ந்தவருமான வேர்னன் மணிலால் பெர்னாண்டோவுக்கு 2013 ஏப்ரலில் ஃபிஃபாவின் ஒழுக்கநெறிக் குழு எட்டு ஆண்டுத் தடை விதித்தது. அதே ஆண்டு மேன்முறையீட்டில் அது வாழ்நாள் தடையானது. தீர்ப்பு சூரிச்சில் எழுதப்பட்டது. அதற்கு முன் ஃபிஃபாவின் உள்ளறைகளைப் பல்லாண்டு துருவியவர்கள் அன்ட்ரூ ஜென்னிங்ஸ் போன்ற பிரித்தானியச் செய்தியாளர்கள். கொழும்பு ஏடுகள் இத்தகைய செய்திகளைப் பெரும்பாலும் வெளிநாட்டு முகவரகங்களின் வழியே வாசகரிடம் சேர்த்தன. பத்தாண்டு கழித்து, 2023 ஜனவரியில், மூன்றாந்தரப்புத் தலையீடு என்று கூறி ஃபிஃபா சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்டு வரை தேசிய அணிக்குச் சர்வதேச ஆட்டமே இல்லை. இங்கு ஒரு மறுப்பு வழக்கமாக எழும்: விளையாட்டு நிருவாகத்தைத் தோண்டினால் நாடு தடைபடும், இழப்பது வீரர்தாம் என்பார்கள். கிரிக்கெட்டிலும் உதைபந்தாட்டத்திலும் தடை விதித்தவர்கள் சொன்ன காரணத்தைப் படித்தாலே இதற்குப் பதில் கிடைக்கும். செய்தி எழுதியதற்காக எவரும் தடை விதிக்கவில்லை. நிருவாகத்தில் வெளியார் தலையிட்டதற்காகவே தடை வந்தது. அமைச்சரின் கையெழுத்தால் முடியாத ஒன்றைச் செய்தியாளரின் ஆவணம் செய்யும், அதுவும் எந்தச் சர்வதேச விதியையும் மீறாமல்.

வெளியிலிருந்து வந்த புலனாய்வு எதைச் சாதித்தது, எங்கே நின்றது என்பதற்குக் காலி நகரத்து மைதானம் சான்று. 2018 மே மாதம் அல் ஜசீரா ஒளிபரப்பிய ஆவணப்படம், அங்கு ஆடுகளத்தைச் சூதாட்டக்காரருக்கு வசதியாகத் தயாரிக்கலாம் என்று மைதான ஊழியர் பேசுவதை மறைகருவியில் காட்டியது. 2021இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை போதிய நம்பகமான சான்று இல்லை என்று விசாரணையை முடித்துக்கொண்டது. படம் தோற்றதாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் சூழ்ந்த விசாரணைகளின் தொடர்ச்சியாகவே 2019 நவம்பரில் விளையாட்டுத் தொடர்பான குற்றங்களைத் தடுக்கும் 24ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கிய முதல் தெற்காசிய நாடு இலங்கை. இதற்கு எதிர்முனையில் நிற்கிறது 2020 ஜூன். 2011 உலகக்கிண்ண இறுதி ஆட்டம் விற்கப்பட்டது என்று அக்காலத்து விளையாட்டு அமைச்சரே தொலைக்காட்சியில் சொன்னார். குமார் சங்கக்கார மணிக்கணக்கில் விசாரிக்கப்பட்டார். ஜூலை 3ஆம் திகதி, சான்றில்லை என்று பொலிஸ் விசாரணை கைவிடப்பட்டது. புலனாய்வு இதழியல் நல்லவர் பெயரைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் இந்த உதாரணத்தையே காட்டுகிறார்கள். அதில் புலனாய்வு எங்கே இருந்தது? ஒரு காகிதமும் இன்றி அதிகாரத்தில் இருந்த ஒருவர் பேசிய பேச்சு அது. ஆவணம் கேட்கும் மரபு வலுவாக இருந்திருந்தால் அந்தப் பேச்சு மாலைச் செய்தியைத் தாண்டியிராது.

இனி, இந்த மரபு தமிழில் ஏன் தடித்து வளரவில்லை என்ற கேள்வி. தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கம் முடிவுகளையும் பரிசளிப்புப் படங்களையும் தாண்டுவது குறைவு. இதைச் சோம்பல் என்று ஒதுக்குவோர் திருகோணமலையின் 2006 ஜனவரியை மறந்தவர்கள். 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்ததாக முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளியின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அவர்களின் உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் கைதான பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரையும் சான்று போதாதென 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் விடுவித்தார். புலனாய்வால் என்ன பயன் என்று கேட்பவருக்கு இதைவிடக் கசப்பான ஆதாரம் இல்லை. ஆயினும் உத்தியோகபூர்வக் கதை பொய்யென்று நிறுவியது அந்தப் படங்களே. ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை வரை இவ்வழக்கு இன்றும் பேசப்படுவதற்கு அவையே அடித்தளம். தண்டனை கிடைக்காததற்குப் பொறுப்பு நீதித்துறையிடமும் அரசிடமும் இருக்கிறது, ஆவணத்திடம் அல்ல. கொலைகளுக்கே தண்டனை கிடைக்காத மண்ணில் விளையாட்டுக் கணக்கை யார் கேட்பது என்ற வினாவும் இங்கிருந்தே பிறக்கிறது. பெரியதைக் கேட்க முடியாதவரை சிறியதையும் கேட்க வேண்டாம் என்று இருந்தால், கேட்கும் கை பழகவே பழகாது.

திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில், மகாவலியின் கிளையாறு கடலை அடையும் வெருகலில் இதை வைத்துப் பார்க்கலாம். விடுதலைப் புலிகளின் இரு பிரிவுகளுக்கிடையே 2004 ஏப்ரலில் நடந்த மோதலையும் அந்த ஆண்டுக் கடைசியின் ஆழிப்பேரலையையும் 2006இன் இடப்பெயர்வையும் கண்ட பிரதேசம் இது. நாட்டின் மற்றப் பிரதேசங்களைப் போலவே இங்கும் விளையாட்டுக் கழகங்கள் பிரதேச செயலகத்தில் பதிவாகின்றன. பிரதேச விளையாட்டு விழாவும் மைதானத் திருத்தமும் உபகரண வழங்கலும் பொதுப் பணத்தில் நடக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எந்தப் பிரசையும் காரணம் சொல்லாமல் தகவல் அலுவலரிடம் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் ஆணைக்குழு வரை மேன்முறையிடலாம். ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களின் விவரத்தை முன்கூட்டியே பொதுமக்களுக்கு அறிவிக்கவும் சட்டம் கடப்பாடு விதிக்கிறது. எத்தனை கழகங்கள் பந்து பெற்றன, எந்த ஒப்பந்தகாரர் மைதானத்துக்கு மண் போட்டார், எந்த விலைக்குப் போட்டார் என்பவை சிறிய கேள்விகள்தாம். அரிசோனாவிலும் லெக்சிங்டனிலும் தொடங்கியது இப்படிப்பட்ட கேள்விகளில்தான்.

தடை ஒன்று மிஞ்சுகிறது, அது சட்டத்தில் இல்லை. பிராந்தியச் செய்தியாளருக்குச் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில் கொடுப்பனவு வழங்கும் வழக்கம் நீடிக்கும்வரை, மூன்று மாதம் ஒரு கோப்பின் பின்னால் அலைபவர் அந்த மூன்று மாதமும் பட்டினி கிடக்க வேண்டும். தமிழ் நாளிதழ்களின் ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு மாவட்டத்திலாவது ஒரு செய்தியாளருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, விளையாட்டு நிதியின் கோப்பைத் தொடரச் சொல்ல வேண்டும். தொடக்கம் திருகோணமலையாக இருக்கட்டும்.