கார் வரிசையில் ஒரு காலி இடம்

மாஸ்க் போடு, கை கழுவு, ஆறடி தள்ளி நில். கொரோனா காலத்தில் இந்த மூன்றையும் கேட்காத காது கிடையாது. முதல் இரண்டும் அவரவர் கையில். மூன்றாவது? ஒரகடத்தில் கன்வேயர் முன்னால் நிற்பவர் கையில் அது இல்லை.

2021 மே, இரண்டாம் அலை. தமிழகம் முழுக்க ஊரடங்கு, ஆனால் கார் ஆலைகளுக்கு விலக்கு. வரிசையில் கார் நகர்ந்துகொண்டே இருக்கும். கையிலிருக்கும் வேலை முடியாவிட்டால் தொழிலாளியும் கூடவே நகர்ந்து அடுத்தவர் இடத்துக்குள் போய்விடுவார். அங்கே ஆறடியாவது, மூன்றடியாவது!

ரெனோ-நிசான் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விதிகளைப் பின்பற்றுகிறோம் என்றது நிர்வாகம். இதற்கிடையில் மே 24 அன்று ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தொழிலாளர்கள் வேலையை விட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அங்கே 5 நாள் உற்பத்தி நிறுத்தம். 26 முதல் வேலைக்கு வரமாட்டோம் என்று சங்கம் சொல்ல, ரெனோ-நிசானும் 30 வரை நிறுத்தியது.

தொழிலகப் பாதுகாப்புத் துறை அதிகாரி நேரில் போய்ப் பார்க்கட்டும் என்றது நீதிமன்றம். அதற்குப் பிறகு, வரிசையில் கார்களுக்கு நடுவே சில இடங்களைக் காலியாக விட நிர்வாகம் ஒத்துக்கொண்டது.

காலி இடம்தானே என்று நினைக்க வேண்டாம். அதில் வந்திருக்க வேண்டிய கார் வராது. சம்பளம், தேய்மானம், வட்டி எதுவும் குறையாது. உற்பத்தி மட்டும் குறையும். எத்தனை காருக்கு ஒரு காலி இடம் என்பதில்தான் பேச்சு இழுத்துக்கொண்டு போனது.