நாத்திசோனே ஆற்றங்கரையில் ஒரு பழந்தலைநகர்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டி, நாத்திசோனே ஆறு பாறையை அறுத்து ஓடும் ஆழமான பள்ளத்தின் மேல் அமைந்திருக்கிறது சிவிதாலே. இன்று அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 11,000 தான். ஆனால், இவ்வட்டாரம் முழுவதற்கும் ஃபிரியூலி என்ற பெயர் வழங்கியது, உரோமர் யூலியஸ் சீசரின் பெயரால் இங்கு நிறுவிய 'ஃபோரம் யூலீ' நகரால்தான்.

ஊரின் இருப்பிடமே அதன் வரலாற்றை வகுத்தது. கிழக்கு ஆல்ப்ஸ் மலைவழிகள் சமவெளியில் இறங்கும் வாயிலில் இது நிற்கிறது. கி.பி. 568இல் அரசன் அல்போயின் தலைமையில் லொம்பார்டுகள் அவ்வழியே இத்தாலிக்குள் புகுந்தனர். இத்தாலி மண்ணில் அவர்களுடைய முதல் கோமகன் ஆட்சி சிவிதாலேயில்தான் அமைந்தது. 610ஆம் ஆண்டையொட்டி அவார்கள் படையெடுத்து வந்தனர். கோமகன் களத்தில் மாண்டான்; நகரம் தீக்கிரையானது; பெண்களும் குழந்தைகளும் சிறைபிடிக்கப்பட்டனர்.

அப்படிப் பிடிபட்ட சிறுவருள் ஒருவன் லொபிகிஸ். வளர்ந்து வாலிபனானதும் தப்பி, தன்னந்தனியே மலை கடந்து ஊர் திரும்பினான். பிறந்த வீட்டுக்குக் கூரை இல்லை. உள்ளே முள்ளும் புதரும் மண்டிக் கிடந்தன. புதரை வெட்டியெறிந்தபோது, சுவர்களுக்கு நடுவே ஒரு பெரிய மரம் வளர்ந்து நிற்பதைக் கண்டான். அதில் தன் அம்பறாத்தூணியை மாட்டிவிட்டு, உறவினர் உதவியோடு வீட்டை எடுத்துக் கட்டினான். இதை நமக்குச் சொல்பவர் அவனுடைய கொள்ளுப்பேரரான திருத்தொண்டர் பவுல். லொம்பார்டு மக்களின் வரலாற்றை இலத்தீனில் எழுதிய பேரறிஞர் அவர். எட்டாம் நூற்றாண்டில் இதே வட்டாரத்தில் பிறந்தவர்.

அந்த எட்டாம் நூற்றாண்டே சிவிதாலேயின் பொற்காலம். அக்கிலேயாவின் முதுபெரும் தந்தை கலிஸ்துஸ் தம் இருக்கையை இங்கு மாற்றிக்கொண்டார். கோமகன் ராக்கிஸ் செதுக்குவித்த கல்பீடம் இன்றும் இருக்கிறது. ஆற்றை நோக்கிய பாறை விளிம்பில் எழுந்த சிறு கோயிலோ அக்காலக் கலையின் சிகரம். அதன் வாயிலுக்கு மேலே சன்னலின் இருபுறமும் ஆளுயர அளவில் ஆறு பெண்கள் சுதையில் நிற்கின்றனர். நேராக விழும் உடை மடிப்புகளும் விளிம்பு அலங்காரங்களும் இன்றும் கூர்மையாகத் தெரிகின்றன. கீழே வாயில் வளைவைச் சுற்றித் திராட்சைக் கொடி குலை குலையாய்ப் படர்கிறது. லொம்பார்டுகளை முரட்டுப் போர்வீரர்கள் என்று மட்டும் எண்ணுவோர்க்கு இச்சுவரே மறுமொழி.

774இல் சார்லமேன் லொம்பார்டு அரசை வீழ்த்தினார். ஈராண்டில் ஃபிரியூலியில் எழுந்த கிளர்ச்சியும் ஒடுக்கப்பட்டது. பவுலின் உடன்பிறந்தாரும் சிறைப்பட்டார். அவரை விடுவிக்குமாறு பவுல் சார்லமேனுக்குச் செய்யுளில் விண்ணப்பம் எழுதினார். பின்னர் மொந்தே கசினோ மடத்தில் அமர்ந்து, அரசிழந்த தம் மக்களின் வரலாற்றை எழுதினார். வென்றவர்களே வரலாறு எழுதுகிறார்கள் என்ற பொதுக் கூற்றுக்கு அந்நூல் ஒரு பெரும் விதிவிலக்கு.

அதன்பின் அதிகாரம் சிறிது சிறிதாக ஊரைவிட்டு விலகியது. 1238இல் முதுபெரும் தந்தையின் இருக்கை ஊதினேக்குப் போயிற்று. 1420இல் வெனிஸ் ஆட்சி வந்தது. 1442இல் ஆற்றின் நடுப்பாறையை ஆதாரமாகக் கொண்டு 'பிசாசுப் பாலம்' எனப்படும் கற்பாலத்தைக் கட்டத் தொடங்கினர். 1917 அக்டோபரில் பின்வாங்கிய இத்தாலியப் படை அதைத் தகர்த்தது. அடுத்த ஆண்டே அது பழைய வடிவில் மீண்டும் எழுந்தது. 1976இன் ஃபிரியூலி நிலநடுக்கத்தையும் ஊர் தாங்கி நின்றது. 2011இல் யுனெஸ்கோ லொம்பார்டு ஆட்சித் தலங்கள் ஏழினை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, சிவிதாலேயும் அவற்றுள் இடம்பெற்றது.

கல்லும் சுதையும் கட்டியவர்களின் திறமையைக் காட்டும். வாழ்ந்தவர்களின் துயரைச் சொல்ல எழுத்து வேண்டும். சிவிதாலேக்கு இரண்டும் வாய்த்தன. பவுல் அரசர்களின் வரிசையோடு நின்றிருந்தால், கூரையற்ற வீட்டுக்குத் திரும்பிய லொபிகிஸை நாம் அறிந்திருக்க மாட்டோம். ஊர் வரலாறு எழுதப் புகும் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதையும் தயங்காமல் அதில் சேர்க்க வேண்டும்.