செல்லாத நிபந்தனையும் மெய்ப்பிக்கும் பொறுப்பும்

வேலையை விட்டுப் போகிறவர் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று பணி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் நிபந்தனை கலிஃபோர்னியாவில் 1872 முதலே செல்லாது. ஆயினும், 2014இல் அமெரிக்கத் தொழிலாளரிடையே நடந்த ஒரு கணக்கெடுப்பு, அந்நிபந்தனை செல்லுபடியாகும் மாநிலங்களில் உள்ள அளவுக்கே ஏறத்தாழக் கலிஃபோர்னிய ஒப்பந்தங்களிலும் அது இருப்பதைக் காட்டியது. நீதிமன்றத்தில் நிற்காத வாசகத்தை நிறுவனங்கள் விடாமல் அச்சிட்டதற்குக் காரணம் எளிது. கையெழுத்திட்டவர் அதை நம்புகிறார். நம்புகிறவர் வழக்குத் தொடுப்பதில்லை. வழக்கு வராதவரை வாசகம் தன் வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே, தொழில் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டம் எளியவருக்குப் பயன்படுமா என்பது, உண்மையைத் தெரிவிக்கும் கடமையையும் மெய்ப்பிக்கும் பொறுப்பையும் அது யார் தலையில் வைக்கிறது என்பதைப் பொறுத்தது.

கலிஃபோர்னியா இதை உணர்ந்து 2023இல் சட்டத்தைத் திருத்தியது. 2022 ஜனவரி 1க்குப் பிறகு பணியில் இருந்தவர்களில் இந்நிபந்தனைக்கு உட்பட்டவர் ஒவ்வொருவருக்கும், அது செல்லாது என்று நிறுவனமே 2024 பிப்ரவரி 14க்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது. பொது அறிவிப்பு போதாது. தனித்தனிக் கடிதமாக, கடைசியாக அறியப்பட்ட அவரது முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் போக வேண்டும். தவறினால் அது முறையற்ற வணிகப் போட்டியாகக் கருதப்படும். ஒன்றரை நூற்றாண்டாக ஏட்டில் இருந்த உரிமை அப்போதுதான் உரியவர் வீட்டு வாசலுக்கு வந்தது.

மருத்துவக் காப்பீட்டிலும் சிக்கல் இதுவே. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் காப்பீட்டுச் சந்தையில் 2023இல் நிராகரிக்கப்பட்ட க்ளெய்ம்களில் முறையீட்டுக்குப் போனவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்கிறது கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனம். அதனால் தவறான நிராகரிப்பும் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகிறது. 2025 முதல் நடப்பில் உள்ள கலிஃபோர்னியச் சட்டம், சிகிச்சை தேவையில்லை என்ற முடிவைச் செயற்கை நுண்ணறிவு எடுக்கக் கூடாது, உரிமம் பெற்ற மருத்துவரோ உரிய தகுதியுள்ள மருத்துவப் பணியாளரோதான் எடுக்க வேண்டும் என்கிறது. இது தேவையான சட்டம், ஆனால் போதுமானதல்ல. ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர்கள் ஒரு க்ளெய்முக்குச் சராசரியாக 1.2 விநாடி செலவிட்டு நிராகரித்தார்கள் என்று 2023இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் எழுதியது. அச்செய்தியை நிறுவனம் ஏற்கவில்லை. எப்படியாயினும், படிக்காமல் இடும் கையெழுத்தை இச்சட்டத்தால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. கொலராடோவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஆழமாகப் போகிறது. வெளியிலிருந்து திரட்டும் நுகர்வோர் தரவும் கணிப்பு நிரல்களும் இனம், பாலினம் போன்றவற்றின் பேரில் அநியாயமாகப் பாகுபடுத்துகின்றனவா என்று காப்பீட்டு நிறுவனமே சோதிக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு நடைமுறையில் உள்ளது என்று அதன் உயர் அலுவலர் உறுதியளிக்க வேண்டும். பாலிசிதாரர் முறையிடும்வரை அச்சட்டம் காத்திருப்பதில்லை.

ஐம்பது மாநிலங்களும் ஐம்பது விதமாகச் சட்டம் போட்டால் தொழில் நடத்துவது எப்படி என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் ஒரே விதி என்ற வழியையும் முயன்று பார்த்தார்கள். போட்டித் தடை நிபந்தனைகளை நாடு முழுவதும் ஒழிக்க வந்த கூட்டாட்சி வர்த்தக ஆணைய விதியை 2024 ஆகஸ்டில் டெக்சஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. காப்பீடோ 1945ஆம் ஆண்டின் மக்காரன்-ஃபெர்குசன் சட்டப்படி பெரிதும் மாநிலங்களின் பொறுப்பு. பயிற்சிக்கும் தொழில் ரகசியத்துக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பது இன்னொரு வாதம். தொழில் ரகசியத்தைக் காக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. இந்நிபந்தனை செல்லாத மண்ணில்தான் சிலிக்கான் பள்ளத்தாக்கும் வளர்ந்தது. 2025இல் எதிர்த்திசையில் போய் நான்கு ஆண்டுத் தடையை அனுமதித்த ஃபுளோரிடாகூட, ஊழியருக்கு ஏழு நாள் அவகாசம் தந்து, வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது.

இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1872இல் பிறந்ததுதான். அதன் 27ஆம் பிரிவும் கலிஃபோர்னிய விதியும் அமெரிக்க வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்டின் நியூயார்க் சட்ட வரைவிலிருந்து வந்தவை. வேலையை விட்ட பிறகு நீளும் தடை இங்கும் செல்லாது. அதை ஊழியரிடம் சொல்லும் கடமை மட்டும் அப்பிரிவில் இல்லை. நாடாளுமன்றம் அதைச் சேர்க்க வேண்டும்.